‘வேர்ட்டிகோ’வின் மணிக்கோபுரத்தைத் தேடிப் போகிறவருக்கு

வெள்ளவத்தை வாசகர் ஒருவரின் கேள்வி: “ஓகஸ்ட் மாதம் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகளிடம் போகிறோம். ஹிட்ச்கொக்கின் ‘வேர்ட்டிகோ’ படம் எடுக்கப்பட்ட இடங்களைப் பார்ப்பது என் நெடுநாள் ஆசை. மகள் இரண்டு நாள் காரில் கூட்டிப்போவாள். மனைவிக்கு முழங்கால் வலி. எங்கே போகலாம், எதை விட்டுவிடலாம்?”

படத்தில் நாயகி ஓடி ஏறும் மணிக்கோபுரத்தில் இருந்தே தொடங்குகிறேன். சான் உவான் பௌட்டிஸ்டா தேவாலயத்தில் அந்தக் கோபுரம் இல்லை. 1957இல் படப்பிடிப்பு நடந்தபோதும் இருக்கவில்லை. ஓவியத்தையும் சிறிய மாதிரியையும் கொண்டு அதைத் திரையில் எழுப்பினார்கள். தலைசுற்ற வைக்கும் படிக்கட்டு ஸ்டூடியோவுக்குள் கட்டப்பட்டது. இது தெரியாமல் 145 கிலோமீற்றர் தெற்கே ஓடிப்போய் ஏமாந்து நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் முதலில் சொல்கிறேன்.

ஆனாலும் ஒரு நாளை அதற்கே கொடுங்கள். 1797இல் நிறுவப்பட்ட தேவாலயம், அதன் நீண்ட வளைவுத் தாழ்வாரம், எதிரே புல்வெளி, புல்வெளிக்கு அப்பால் குதிரைலாயம் எல்லாம் உண்மையானவை. லாயத்து வாசலில் நின்று தேவாலயத்தைப் பாருங்கள். படத்தில் நாயகி ஓட, நாயகன் பின்னால் ஓடிய வெளி அதுதான். கோபுரம் இல்லாத அந்த வானத்தைப் பார்க்கும்போது, இயக்குநர் எதை நிலத்தில் இருந்து எடுத்தார், எதைத் தானே சேர்த்தார் என்பது கண்ணுக்கு முன்னால் பிரிந்து தெரியும். சதுக்கம் சமதரையாக இருப்பதால் உங்கள் மனைவியும் ஆறுதலாக நடக்கலாம்.

மற்ற நாள் காலையில் போர்ட் பொயின்டுக்குப் போங்கள். கோல்டன் கேட் பாலத்தின் தென்முனைக்குக் கீழே 1861இல் கட்டிமுடித்த செங்கல் கோட்டை அது. தலைக்கு மேலே சிவந்த இரும்பு, காலடியில் சுவரில் மோதிச் சிதறும் அலை. நாயகி கடலில் குதிப்பது இங்கேதான். தண்ணீருக்குள் நடக்கும் நெருக்கமான காட்சிகளை ஸ்டூடியோத் தொட்டியில் எடுத்தார்கள். புகைப்படம் எடுப்பதற்காகக் கரையின் விளிம்புக்குப் போகாதீர்கள், அலை மேலேறி வரும். கோட்டை எல்லா நாட்களிலும் திறப்பதில்லை. நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

செம்மரக் காட்சி எடுத்த பிக் பேசின் காடு 2020 தீயில் பெரும்பகுதி எரிந்துபோனது. இந்த முறை விட்டுவிடலாம். லீஜன் ஒப் ஒனர் கலைக்கூடம் அழகான இடம், ஆனால் படத்தில் நாயகி அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் கார்லொட்டா என்ற பெண்ணின் ஓவியத்தைத் தேடாதீர்கள்; அது படத்துக்காக வரைந்தது.

படத்தின் ஒரு காட்சியில் கமரா நின்ற இடத்தை நேரில் கண்டுபிடிக்கும் வித்தையைப் புறப்படுவதற்கு முன் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். அவிசாவளை வழியாகப் போகும் ஹற்றன் பஸ்ஸில் ஏறி கித்துல்கலவில் இறங்குங்கள். 1957இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ படத்துக்காகக் கட்டித் தகர்த்த பாலத்தின் கொங்கிறீட் அடித்தளம் களனி கங்கைக் கரையில் இன்றும் இருக்கிறது. வெடிகுண்டின் கம்பி, ஆற்றில் நீர் இறங்கியதால் வெளியே தெரியும் அந்தப் பதற்றமான காட்சியைத் தொலைபேசியில் நிறுத்தி வைத்துக்கொண்டு கரையில் நில்லுங்கள். மரங்களை நம்ப வேண்டாம், அவை வளர்ந்துவிட்டன. அருகில் ஒரு கல், தொலைவில் மலைமுகடு என அசையாத இரண்டைத் தெரிவுசெய்யுங்கள். முதலில் பக்கவாட்டில் நகர்ந்து, படத்தில் போலவே ஒன்றன்மேல் ஒன்று விழச் செய்யுங்கள். அதன் பிறகுதான் முன்னோ பின்னோ போக வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து அரைமணி நேரத்தை வீணாக்குகிறார்கள்.

சான் பிரான்சிஸ்கோவின் லொம்பார்ட் தெருவில் இருக்கும் ‘வேர்ட்டிகோ’ நாயகனின் வீட்டிலும் இந்த வித்தை உதவும். முகப்பு மிகவும் மாறிவிட்டது, இன்று அது தனியார் வீடு. மணியை அழுத்த வேண்டாம். ஆனால் படத்தில் நாயகி அந்த வீட்டுக்கு வழி கண்டுபிடிக்க உதவிய கொய்ட் கோபுரம் அப்படியே நிற்கிறது. அந்தத் தெரு செங்குத்தானது, எனவே மனைவி காரிலேயே இருக்கட்டும். ஓகஸ்டில் அங்கே மூடுபனியும் குளிர்காற்றும் இருக்கும். கொழும்பு வெயிலை நினைத்துக்கொண்டு கம்பளிச் சட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள்.