சம்பளமும் அங்கே, சேமிப்பும் அங்கே

அன்புள்ள ஐயா,

சேலத்தில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். வயது 34. இதுவரை சேர்த்த பணத்தில் பாதிக்கு மேல் எங்கள் வங்கியின் பங்குகளாகவே வைத்திருக்கிறேன். கொஞ்சம் வங்கியே கொடுத்தது, மீதி நானாக வாங்கியது. உள்ளேயே இருப்பதால் இந்தக் கம்பெனியைப் பற்றி வெளியாட்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்ற தைரியம். இனி மாதாமாதம் போடப்போகும் பணத்துக்கு நிஃப்டி இ.டி.எஃப். நல்லதா, நல்ல பங்குகளாகப் பத்தைப் பொறுக்கி வாங்குவது நல்லதா? படித்துப் பார்த்து வாங்கத் தெரிந்தவனுக்கு இ.டி.எஃப். எதற்கு, அது ஒன்றும் தெரியாதவர்களுக்கானது என்கிறார்கள் நண்பர்கள். செவ்வாய்பேட்டையில் கொலுசு வியாபாரம் செய்யும் மாமனார், "எதுவும் வேண்டாம் மாப்பிள்ளை, வெள்ளி இ.டி.எஃப். வாங்கிப் போடுங்கள்" என்கிறார். ஸ்டாஃப் லோன் போட்டு அழகாபுரத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அதனால் மாதம் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதையாவது சரியாகப் போட வேண்டும். வழி சொல்லுங்கள்.

க., சேலம்

அன்புள்ள க.,

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல.

நிஃப்டி இ.டி.எஃப். வாங்குங்கள். நிஃப்டி என்பது தேசியப் பங்குச் சந்தையின் 50 பெரிய கம்பெனிகளின் பட்டியல். அப்படி ஒரு பட்டியலையோ வெள்ளி போன்ற ஒரு பொருளையோ வாங்கி வைத்து, தானும் ஒரு பங்குபோலச் சந்தையில் கைமாறும் ஃபண்டுதான் இ.டி.எஃப். மாதாமாதம் போடுவதாக இருந்தால் அதே பட்டியலை வாங்கி வைத்து, ஃபண்டு நிறுவனமே நேராக விற்கும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டு இன்னும் வசதி. பங்குகளை வைக்கும் டீமேட் கணக்கு வேண்டாம், சந்தையில் அந்த நேரத்து விலை என்ன என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டுக்குள்ளும் இருப்பது அதே 50 கம்பெனிகள்தான். நம் நாட்டின் முதல் இ.டி.எஃப். ஆன நிஃப்டி பீஸ் 2002 ஜனவரியில் சந்தைக்கு வந்தது. அன்று நிஃப்டியில் இருந்த கம்பெனிகளில் பல இன்று அதில் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைப் பார்த்து, இளைத்துப்போனதை எடுத்துவிட்டு வளர்ந்ததைச் சேர்க்கிறார்கள். வாங்கி வைத்தவர் அதற்காக ஒரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

பத்துப் பங்கு பொறுக்கும் ஆசை இருந்தால் கையில் இருப்பதில் சின்னப் பகுதியை வைத்துச் செய்து பாருங்கள். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஹெண்ட்ரிக் பெசம்பைண்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1926-லிருந்து அந்த நாட்டுச் சந்தையில் இருந்த பங்குகள் அத்தனையையும் எடுத்துக் கணக்குப் பார்த்தார். பாதிக்கு மேற்பட்ட பங்குகள், ஒரு மாத அரசுக் கடன் பத்திரம் கொடுத்த அளவுகூடக் கொடுக்கவில்லை. அந்தப் பத்திரத்தைவிடச் சந்தை கூடுதலாக ஈட்டிய செல்வம் மொத்தமும் ஏறக்குறைய 4 சதவீதக் கம்பெனிகளிடமிருந்து வந்தது. உங்கள் பத்தில் அப்படிப்பட்ட ஒன்று விழாமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். உங்கள் நண்பர்களிடம் கடந்த பத்து வருடத்தின் மொத்தக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். ஜெயித்த ஒன்றிரண்டின் பெயரைச் சொல்வார்கள், மொத்தக் கணக்கு வெளியே வராது. அவர்கள் பேச்சை இத்தோடு விடுவோம்.

உங்கள் மாமனார் தொழில் தெரிந்தவர், மரியாதையோடுதான் சொல்கிறேன். வெள்ளி 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது. மறுபடி அந்த உயரத்துக்கு வர 2011 ஏப்ரல் ஆனது. அங்கிருந்து சரிந்து 2015 கடைசியில் 14 டாலருக்குக் கீழே போனது. 2025 அக்டோபரில், தீபாவளிக்கு முன்னால், கட்டி வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்து, நம் நாட்டு வெள்ளி இ.டி.எஃப்.கள் உள்ளே இருக்கும் வெள்ளியின் மதிப்பைவிடப் பல சதவீதம் கூடுதல் விலைக்குக் கைமாறின. சில ஃபண்டு நிறுவனங்கள் வெள்ளி ஃபண்டில் மொத்தமாகப் பணம் வாங்குவதையே நிறுத்திவைத்தன. கட்டி வாங்கும்போது ரேட்டையும் தரம் சொல்லும் டச்சையும் பார்க்காமல் உங்கள் மாமனார் கையை நீட்டுவாரா? எந்த இ.டி.எஃப். வாங்கினாலும் அந்தக் கண் வேண்டும். ஒரு யூனிட்டுக்குள் இருக்கும் சொத்தின் மதிப்பான என்.ஏ.வி.யையும் சந்தை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலையைக் குறிப்பிட்டு லிமிட் ஆர்டர் போடுங்கள். அப்புறம், மனைவி வீட்டுப் பிழைப்பே வெள்ளியில் இருக்கும்போது உங்கள் வீட்டுச் சேமிப்பும் எதற்கு அங்கே போக வேண்டும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் சொன்ன இரண்டு வரிகள்தான் என்னை எழுத வைத்தன. பாதிக்கு மேல் உங்கள் வங்கியின் பங்கு என்பது ஒன்று. ஸ்டாஃப் லோனில் வீடு என்பது இன்னொன்று. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதியும் உங்களுக்கு எதுவும் உறுத்தவில்லை.

என் பெரியப்பா சேலத்தில் ஒரு நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தார். கொஞ்ச நாளைக்கு முன்பு அவர் மகள், என் அக்கா, ஒரு துணிப்பையை எடுத்துவந்து என் மேஜையில் வைத்தாள். பெரியம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்ததாம். அந்த மில்லின் ஷேர் சான்றிதழ்கள். ஓரத்தில் பச்சைக் கொடி வேலைப்பாடு, கீழே அழுத்திப் பதித்த முத்திரை, முக மதிப்பு 10 ரூபாய், பெரியப்பா பெயருக்குப் பக்கத்தில் இரண்டாவது பெயராகப் பெரியம்மா. நடுவில் மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்துபோயிருந்தது. கூடவே வங்கியில் போடாமலே விட்ட டிவிடெண்ட் வாரண்ட், அதாவது லாபப் பங்குக்குக் காசோலைபோலக் கொடுத்தது, ஒன்று. "இதில் ஏதாவது தேறுமா தம்பி?" என்று கேட்டாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எல்லோரும் ஷேர் ஷேர் என்று பேசிய நேரம். மில் விரிவாக்கத்துக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டியது. மில் கேட்டிலேயே விண்ணப்பப் படிவம் கொடுத்தார்கள். பெரியப்பா வாங்கினார். முதலில் கொஞ்சம், பிறகு பெரியம்மாவின் வளையலை வைத்துக் கொஞ்சம். நீங்கள் எழுதிய அதே வார்த்தைகளைத்தான் அவரும் சொன்னார்: "உள்ள இருக்கறவனுக்குத் தெரியாததா? மெஷின் ஓடறதை நான் தினமும் பாக்கறேன்." உண்மைதான், மெஷின் ஓடியது. மூன்று ஷிஃப்டும் ஓடியது. பஞ்சு வாங்கிய விலை என்ன, நூல் போன விலை என்ன, புது மெஷினுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி எவ்வளவு, இதெல்லாம் ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டில் நின்றால் தெரியாது.

மில் மூடியபோது முதலில் சம்பளம் நின்றது. ஷேர் விலை அதற்கு முன்பே விழுந்து, பிறகு வாங்க ஆளே இல்லாமல் போனது. மில் தொழிலாளர் சொசைட்டியில் போட்டிருந்த டெபாசிட்டும் முடங்கியது. அந்தச் சொசைட்டியில் கடன் வாங்கியவர்களும் அதே மில்காரர்கள்தானே, சம்பளம் இல்லாமல் எப்படிக் கட்டுவார்கள்? நாலாவதாக ஒன்று நடந்தது. மில் சம்பளம் ஏழாம் தேதி வந்துவிடும் என்ற நம்பிக்கையில் மாதக் கணக்கில் சாமான் கொடுத்துவந்த மளிகைக் கடைக்காரர், மரியாதையாகத்தான், இனி ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். கடன் வாங்கும் தகுதியும் அந்தச் சம்பளத்தோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் வீட்டில் தெரிந்தது.

அக்காவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். கம்பெனி கலைக்கப்படும்போது சொத்தை விற்று வரும் பணத்தில் தொழிலாளர் பாக்கி, அடமானம் வாங்கிய வங்கிகளோடு சமமாக முன்வரிசையில் நிற்கும். பங்குதாரர் எல்லோருக்கும் கடைசி. பல வருடம் கழித்துப் பெரியப்பாவுக்கு ஏதோ கொஞ்சம் வந்தது. அது தொழிலாளியாக வந்தது. பங்குதாரராக அவர் நின்ற வரிசைக்கு எதுவும் வரவில்லை.

அது மூடிப்போன மில், நாங்கள் பெரிய வங்கி என்று சொல்வீர்கள். யெஸ் வங்கியும் நிஃப்டியில் இருந்ததுதான். 2018 ஆகஸ்டில் அதன் பங்கு 400 ரூபாயை ஒட்டி நின்றது. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி தடை போட்டு, கணக்கு வைத்திருப்பவர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றது. மறுநாள் வர்த்தகத்தின் நடுவே பங்கு ஒற்றை இலக்கத்துக்குப் போய்வந்தது. மீட்புத் திட்டம் வந்தபோது, 100 பங்குகளோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவீதத்தை மூன்று வருடம் விற்கக்கூடாது என்று பூட்டிவிட்டார்கள். அந்த வங்கியில் வேலை, அங்கேயே சம்பளக் கணக்கு, அதன் பங்கிலேயே சேமிப்பு என்று இருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். நிஃப்டி இ.டி.எஃப். வைத்திருந்தவருக்கோ அந்த மாதமே யெஸ் வங்கி பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

2009 ஜனவரி 7 அன்று, சத்யம் என்ற ஐ.டி. கம்பெனியின் கணக்கில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லாத பணத்தைக் காட்டியதை அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே எழுதிக் கொடுத்தார். ஒரே நாளில் பங்கு 180 ரூபாயை ஒட்டிய விலையிலிருந்து 40 ரூபாய்க்கு வந்தது. நிஃப்டி அன்று இறங்கியது 6 சதவீதம் அளவுக்கு. உள்ளே உட்கார்ந்து ராப்பகலாக வேலை பார்த்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அந்தக் கடிதம் வரும்வரை எதுவும் தெரியாது.

அதனால் "உள்ளே இருப்பதால் தெரியும்" என்ற பேச்சை விட்டுவிடுங்கள் தம்பி. கிளையில் உங்களுக்குத் தெரிவது என்ன? இந்த மாதம் எத்தனை கணக்கு திறந்தோம், நகைக்கடன் எவ்வளவு போனது, இன்ஷூரன்ஸ் டார்கெட் முடிந்ததா. பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்த கடன் எது திரும்பும், எது திரும்பாது என்பது தலைமையகத்தில் சில பேருக்குத் தெரியும். ஒருவேளை நிஜமாகவே வெளியே வராத தகவல் உங்கள் காதுக்கு வந்தால் அதை வைத்து நீங்கள் வாங்கவோ விற்கவோ கூடாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015 இன்சைடர் விதிகள் அதற்குத்தான் இருக்கின்றன. தெரியாவிட்டால் பயன் இல்லை, தெரிந்தால் தொட முடியாது.

இப்போது வீட்டுக் கடனுக்கு வருவோம். ஊழியர்களுக்கென்று குறைத்துக் கொடுக்கும் ஸ்டாஃப் வட்டி நீங்கள் ஸ்டாஃபாக இருக்கும்வரைதான். வேலை போனால் வட்டி சாதாரண வட்டிக்கு ஏறும். சில இடங்களில் கடனையே அடைக்கச் சொல்வார்கள். உங்கள் லோன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். சம்பளம், சம்பளக் கணக்கு, வங்கி கொடுத்த பங்கு, நீங்கள் வாங்கிய பங்கு, தலைக்கு மேலே இருக்கும் கூரை, ஐந்தும் ஒரே இடத்தில் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு இ.டி.எஃப்.பா, பத்துப் பங்கா என்று என்னிடம் கேட்கிறீர்கள்! வீட்டில் ஒரு சின்னப் பெண் இருந்தால் அதன் முகத்தைப் பார்த்தாவது யோசித்திருக்க வேண்டாமா?

விற்றால் வங்கிக்குத் துரோகம் செய்வதுபோல இருக்கும், எனக்குப் புரிகிறது. பெரியப்பாவுக்கும் அதுதான். "மில் சங்கு ஊதற வரைக்கும் நமக்குச் சோத்துக்குக் குறையில்ல" என்று சொன்ன மனுஷன். உங்கள் விசுவாசத்தைக் கவுண்டரில் வந்து நிற்கிறவரிடம் காட்டுங்கள், போதும். விற்ற பிறகு பங்கு ஏறிவிட்டால் என்ற பயமும் வரும். ஏறட்டுமே. வங்கி நன்றாக நடந்தால் சம்பள உயர்வு, போனஸ், பதவி உயர்வு என்று அந்த ஏற்றம் உங்கள் கைக்கு வரும் வழி ஏற்கெனவே இருக்கிறது. கூட, நிஃப்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வங்கியும் நிதி நிறுவனங்களும்தான். இ.டி.எஃப். வாங்கினாலே வங்கித் துறை உங்களோடு வந்துவிடும். தனியாக ஒரு வங்கிப் பங்கும் உங்களுக்குத் தேவையில்லை.

முதலில் ஹெச்.ஆரிடம் கேளுங்கள், உங்கள் பெயர் நான் சொன்ன அந்த இன்சைடர் விதிகளுக்கு உட்பட்டவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று. இருந்தால், காலாண்டு முடிந்த நாளிலிருந்து ரிசல்ட் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை விற்க முடியாது. விற்ற பிறகு ஆறு மாதத்துக்குத் திரும்ப வாங்கவும் முடியாது, அது உங்களுக்கு நல்லதுதான். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கின் லாபத்தில் நிதியாண்டுக்கு ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று பிரித்து விற்றால் இரண்டு நிதியாண்டின் விலக்கும் கிடைக்கும், விண்டோ, அதாவது விற்க அனுமதி உள்ள காலம், திறந்திருக்கும் நாளாகப் பாருங்கள். வரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகாதீர்கள். வரும் பணத்தில் ஆறு மாதத் தவணைக்கான தொகையை வேறொரு வங்கியில் டெபாசிட்டாக வையுங்கள். மிச்சம் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு. முதல் பகுதியை விற்றதும் எனக்கு எழுதுங்கள். அழகாபுரத்து வீடு எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.