மலை மேல் கோல்ஃப்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நான் சென்னை கிண்டியில் ஆடிப் பழகியவன். 18 குழிக்கு 88, 90 அடி என்று முடிப்பேன் (எண் குறைந்தால் நல்லது). போன மாதம் நண்பர்களோடு கொடைக்கானல் போனோம். ஸ்கோர் கார்டைப் பார்த்ததும், ‘தூரம் குறைவாகத்தானே இருக்கிறது, இன்றைக்கு 85-க்குள் வந்துவிடலாம்’ என்று நினைத்தேன். 104-இல் போய் நின்றது. ஏன் இப்படி?
– வாசகர், சென்னை

பதில்: கார்டில் போட்டிருக்கும் கஜக் கணக்கை மலையில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது. மலையை வெட்டி மட்டமாக்க இயந்திரங்கள் இல்லாத காலம். மேடு எங்கே ஏறுகிறதோ அங்கே ஃபேர்வேயும் (குழியை நோக்கிப் புல் வெட்டி வைத்த பாதை) ஏறும், சரிவு எங்கே விழுகிறதோ அங்கே அதுவும் விழும். நீங்கள் கிண்டியில் ரேஸ் கோர்ஸுக்கு நடுவே, மட்டமான தரையில் ஆடிப் பழகியவர். அங்கே ஃபேர்வேயில் பந்து கிடந்தால் பாதி வேலை முடிந்தது. இங்கே ஃபேர்வேயில் கிடந்தாலும், ஒரு கால் மேலே ஒரு கால் கீழே என்றுதான் நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் தூரத்தைச் சொல்லிவிடுகிறேன். சுமார் 7,000 அடி உயரத்தில் காற்று லேசானது, பந்து கூடுதலாகப் பறக்கும். சென்னையில் 150 கஜம் போகிற அடி அங்கே 160-ஐத் தொடும். ஆனால் காலைக் குளிரில் பந்து சுருக்கென்று கிளம்பாது, அதனால் கிடைத்ததில் கொஞ்சம் போய்விடும். இதற்கு மேல் மேடு பள்ளக் கணக்கு ஒன்று இருக்கிறது. கிரீன் (குழி இருக்கும் புல்தரை) உங்களைவிட 3 அடி உயரத்தில் இருந்தால் ஒரு கஜம் கூட்டுங்கள், 3 அடி தாழ்வாக இருந்தால் ஒரு கஜம் கழியுங்கள். 30 அடி ஏற்றம் என்றால் 10 கஜம், கிட்டத்தட்ட ஒரு முழு கிளப் (பந்தை அடிக்கும் மட்டை) வித்தியாசம். துல்லியமான கணக்கு இல்லைதான், ஆனால் கிளப்பைத் தேர்ந்தெடுக்க இது போதும்.

இப்போது கால் நிற்கும் விதம். 104-இல் பெரும்பங்கு இதனால்தான் வந்திருக்கும். வலது கைக்காரர்களுக்காகச் சொல்கிறேன். பந்து பாதத்தைவிட உயரத்தில் இருந்தால் இடப்பக்கம் இழுக்கும். பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்து, வலப்பக்கம் குறி வையுங்கள். பந்து பாதத்துக்குக் கீழே இருந்தால் வலப்பக்கம் ஓடும். முழங்காலை மடக்கி, அடித்து முடிக்கும் வரை அந்த மடக்கை விடாதீர்கள். ஏற்றத்தைப் பார்த்து நிற்கும்போது பந்து உயரமாக எழும்பி முன்னாலேயே விழுந்துவிடும், அதனால் இன்னும் தூரம் போகிற அடுத்த கிளப்பை எடுங்கள். எல்லாவற்றிலும் கடினம் இறக்கத்தைப் பார்த்து அடிப்பது. பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். தூக்கப் போனால் தரையில்தான் அடிபடும், இல்லை பந்தின் தலையில். தோள்களைச் சரிவோடு சரிவாகச் சாய்த்து, பந்தைச் சற்றுப் பின்னால் வைத்து, கிளப்பைச் சரிவைத் தடவிக்கொண்டே போக விடுங்கள். பந்து தாழ்வாகத்தான் போகும், விழுந்த பிறகு நிறைய ஓடும். அந்த ஓட்டத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஆக, டீயில் (முதல் அடி அடிக்கும் இடத்தில்) நின்று ‘எவ்வளவு தூரம் அடிக்கலாம்’ என்று பார்க்காதீர்கள். அடுத்த பந்தை எங்கே நின்று அடிக்கப் போகிறோம் என்று பாருங்கள். 200 கஜத்தில் ஒரு மட்டமான திட்டு இருந்து, 240-இல் சரிவு தொடங்கினால், எனக்கு 200 போதும். டிரைவர் (அதிகத் தூரம் அடிக்கும் கிளப்) பைக்குள்ளேயே இருக்கட்டும். அதைவிடச் சிறிய கிளப்பில் அந்தத் திட்டுக்கு வந்து, இரண்டு காலும் சமமாக ஊன்றி 8 அயர்ன் (குறைந்த தூரத்துக்கான கிளப்) அடிப்பதில் உள்ள சுகம் தெரிந்தால் நீங்கள் டிரைவரைத் தேடவே மாட்டீர்கள். தூரம் குறைந்தால் சுலபம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். 2013-இல் யு.எஸ். ஓபன் நடந்த மெரியான் மைதானம் 7,000 கஜத்துக்கும் குறைவானது, அந்த நாள் கணக்கில் குட்டைதான். வென்ற ஜஸ்டின் ரோஸே பாருக்கு (மைதானத்துக்கு வகுத்த அடிக் கணக்கு) ஒன்று மேலேதான் முடித்தார்.

கேள்வி: மைதானத்தில் காட்டெருமைகள் மேய்கின்றன. என் பந்து ஒன்றின் பக்கத்தில் போய் நின்றது. அதை விட்டுவிட்டு வேறு பந்து போட்டேன். கூட ஆடியவர் ஒரு அடி அபராதம் என்றார். சரியா?
– வாசகர், மதுரை

பதில்: சரியில்லை. ஆபத்தான விலங்கு பக்கத்தில் இருந்தால் அபராதம் கிடையாது என்று விதி 16.2 தெளிவாகச் சொல்கிறது. ஆபத்து இல்லாத மிக அருகிலுள்ள இடத்தைக் கண்டு, அங்கிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் பந்தைப் போட வேண்டும். வேறு பந்தைப் போடவும் உரிமை உண்டு. வளர்ந்த ஆண் காட்டெருமை ஒரு டன் வரை எடை இருக்கும். அது மேய்கிற இடத்துக்கு நாம்தான் விளையாட வந்திருக்கிறோம், வழி விட வேண்டியதும் நாம்தான். கிளப்பை ஆட்டி விரட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையாகவே கோபம் வரும்.

இன்னும் இரண்டு விஷயம். மாடு பந்தை மிதித்தோ உதைத்தோ நகர்த்திவிட்டால், அபராதமில்லாமல் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். கிரீனில் குளம்புத் தடம் இருந்தால் 2019 முதல் அதைச் சரிசெய்துவிட்டே பட் செய்யலாம் (பந்தைக் குழிக்கு உருட்டி அடிக்கலாம்). ஃபேர்வேயில் குளம்புக் குழியில் பந்து விழுந்தால் மட்டும் சலுகை இல்லை, கிடக்கிற இடத்திலிருந்தே அடிக்க வேண்டும்.

கேள்வி: மலை மைதானத்தில் என் ஹேண்டிகேப்புக்கு (திறமைக்கு ஏற்பக் கிடைக்கும் சலுகை அடிகள்) ஏதாவது கூடுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: மைதானத்தின் ஸ்லோப் ரேட்டிங்கை, அதாவது சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்ணைப் பொறுத்தது. 55 முதல் 155 வரை இருக்கும், 113 நடுத்தரம். உங்கள் ஹேண்டிகேப் இண்டெக்ஸை ஸ்லோப்பால் பெருக்கி 113-ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (தேர்ந்த ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கும் ஸ்கோர்) பாருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இண்டெக்ஸ் 18, ஸ்லோப் 126, ரேட்டிங்கும் பாரும் ஒன்று என்றால் 20 சலுகை அடிகள் கிடைக்கும். ஆடுவதற்கு முன்பே கிளப் அலுவலகத்தில் அந்த எண்களைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மலை கிரீன்களில் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்றே புரியவில்லை. மட்டமாகத் தெரிகிற இடத்தில்கூட ஓடிவிடுகிறது.
– வாசகி, கோவை

பதில்: சுற்றியிருக்கும் மலைச்சரிவு முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்போது, கண் அந்தச் சாய்வையே மட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் கிரீனுக்கு வருவதற்கு முன்பே, தூரத்தில் நின்று பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் பந்து அந்தப் பக்கம்தான் போகும் என்று வையுங்கள். குழிக்குக் கீழ்ப்பக்கம் பந்தை நிறுத்துவதும் முக்கியம். மேலே நின்று கீழ்நோக்கி 6 அடி தூரம் பட் செய்வதைவிடக் கீழே நின்று 15 அடி தூரம் மேல்நோக்கி அடிப்பதையே நான் விரும்புவேன்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, முதல் கிரீனிலிருந்தே கேடியை (பையைச் சுமந்து கூட வருபவர்) கேளுங்கள். பல வருடம் அந்தப் புல்லில் நடந்தவர் அவர். ‘அண்ணே, இது எங்கே போகும்?’ என்று கேட்டால் விரலால் ஒரு புள்ளியைக் காட்டுவார். உங்கள் கண்ணுக்கு அது அபத்தமாகத் தெரிந்தாலும் அந்தப் புள்ளிக்கே அடியுங்கள். ஆட்டம் முடிந்ததும் கூலியோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். அடுத்த முறை போகும்போது அவரையே பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.