துணை என்றொரு சொல்

அன்புள்ள சார்,

போன வாரம் ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’ படம் பார்த்தேன். கால் உடைந்து வீட்டில் கிடக்கும் நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ் மனதை விட்டுப் போகவே இல்லை. தேடிப் பார்த்ததில் தெல்மா ரிட்டர் என்ற துணை நடிகை என்று தெரிந்தது. ஆறு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லையாம். கடைசிவரை வேலைக்காரி, அம்மா வேஷம்தான். இத்தனை திறமை இருந்தும் அதிர்ஷ்டமில்லாமல் போனவரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தமிழில் இவருக்கு இணையாக யாரைச் சொல்வீர்கள்? இவருடைய வேறு எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

பரணில் கிடந்த ஒரு தகர டப்பாவால் இரண்டு நாளாக நானும் அந்த அம்மாளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். டப்பாவுக்குப் பிறகு வருகிறேன்.

தமிழில் யார் இணை என்ற ஆட்டத்துக்கு நான் வரவில்லை. ஒருவரைப் பிடித்துப்போனால் உடனே இன்னொருவரைப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்ப்பது நம்மிடம் ஒரு வியாதி. விடுங்கள்.

‘துணை நடிகை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் விட முடியவில்லை. நம் செய்தித்தாள்களில் இந்தச் சொல் எங்கே வரும் என்று யோசித்துப் பாருங்கள். நாயகிக்குப் பின்னால் கூட்டத்தில் நிற்பவரைச் சொல்ல வரும், இல்லாவிட்டால் போலீஸ் செய்தியில் வரும். குணச்சித்திர நடிகை என்று அழகான ஒரு சொல் கையில் இருக்கும்போது அதை ஏன் விட்டீர்கள்? ஹாலிவுட்டும் இதில் யோக்கியமில்லை. துணைப் பாத்திரத்துக்கு ஆஸ்கர் கொடுக்க ஆரம்பித்தது 1937 விழாவில். முதல் ஏழு வருடம் சிலை கிடையாது, ஒரு பட்டயத் தகடுதான். முழுச் சிலை 1944இல்தான் வந்தது. 1940இல் ‘கான் வித் த விண்ட்’ நடிகை ஹாட்டி மெக்டேனியல் வாங்கியதும் பட்டயம்தான். அதையும் கறுப்பினத்தவர் என்பதற்காகத் தனியாகப் போட்ட மேஜையிலிருந்து எழுந்து வந்து வாங்கினார்.

இப்போது அந்த ‘அதிர்ஷ்டமில்லாமல்’. இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. 1902இல் புரூக்ளினில் பிறந்தவர். நாடகப் பள்ளியில் படித்து மேடையில் நடித்தார். 1927இல் ஜோசப் மோரனைக் கட்டிக்கொண்டார். மோரனும் நடிகராக இருந்து விளம்பரத் தொழிலுக்குப் போனவர். இரண்டு குழந்தைகள். ரிட்டர் மேடையை விட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டார், பிறகு வானொலியில் குரல் கொடுத்தார். முதல் படம் 1947இல், ‘மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’. மகன் கேட்ட பொம்மைத் தீயணைப்பு வண்டியை எந்தக் கடையிலும் காணாமல் கால் கடுத்து நிற்கும் ஒரு தாய். சில நிமிட வேஷம், டைட்டிலில் பெயர்கூடக் கிடையாது. அப்போது வயது 45. நடிகைகளை வீட்டுக்கு அனுப்பும் வயதில் இவர் உள்ளே வருகிறார். மூன்றே வருடத்தில் முதல் பரிந்துரை. 1950 முதல் 1953 வரை நான்கு வருடப் படங்களுக்கு வரிசையாக, அப்புறம் 1959, 1962. 1955இல் அந்த ஆஸ்கர் விழாவின் நியூயார்க் பகுதியைத் தொகுத்து வழங்கியவரே இவர்தான். 1958இல் ‘நியூ கேர்ள் இன் டவுன்’ நாடகத்துக்காக, அமெரிக்க மேடைக்கான டோனி விருதை அதே நாடகத்தில் நடித்த க்வென் வெர்டனோடு பகிர்ந்துகொண்டார். எந்தப் பிரிவில் தெரியுமா? இசை நாடகத்தின் சிறந்த நடிகை. அதில் ‘துணை’ இல்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு ஆறு, பூஜ்யம் என்ற இரண்டு எண்களை வைத்து ஒரு மனுஷிக்கு அனுதாபப்படுகிறீர்கள். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற கண்ணால் சினிமா பார்க்காதீர்கள்.

வேலைக்காரி வேஷம் என்றால் இளப்பமா? ‘ஆல் அபவுட் ஈவ்’ படத்தில் ஒரு பிரபல நடிகையை அண்டி வரும் ஈவ் தன் சோகக் கதையைச் சொல்லும்போது எல்லார் கண்ணும் கலங்கியிருக்கும். ஒப்பனை அறை உதவியாளராக வரும் ரிட்டர் மட்டும், துரத்திக் கடிக்க வேட்டை நாய்கள்தான் பாக்கி என்கிற மாதிரி ஒன்று சொல்வார். அந்தப் பெண்ணின் கள்ளத்தை முதலில் மோப்பம் பிடித்தவர் இவர்தான். படத்தின் பின்பாதியில் ஆளையே காணோம். அதில் எனக்கு இன்றைக்கும் மனக்குறை. ‘தி மேட்டிங் சீசன்’ படத்தில் மகன் வீட்டுக்கு வரும் தாய் இவர்தான். அவரை, யாரென்று தெரியாத மருமகள் சமையல்காரி என்று நினைத்துவிடுவாள். இவரும் மறுக்காமல் அடுப்படிக்குப் போய்விடுவார். கதையைத் தோளில் சுமந்தவர் அவர். பரிந்துரை கிடைத்ததோ துணைப் பாத்திரத்துக்கு.

நீங்கள் பார்த்த நர்ஸுக்கே வருகிறேன். அவர் கைகளைக் கவனித்தீர்களா? முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே பேசுவார். அதைக் கொஞ்சம் சூடாக்கக் கூடாதா என்று ஸ்டூவர்ட் கேட்பதற்கும் பதில் வரும், கை நிற்காது. இன்னொரு காலையில் முட்டையும் பன்றிக்கறியும் தட்டில் வைத்துக்கொடுத்துவிட்டு, கொலைகாரன் என்று அவர்கள் சந்தேகிக்கும் எதிர்வீட்டுக்காரன் பெண்டாட்டியை எங்கே வைத்து வெட்டியிருப்பான், குளியல் தொட்டியிலாகத்தான் இருக்கும் என்று சாவகாசமாகச் சொல்வார். ஸ்டூவர்ட்டுக்குச் சாப்பாடு இறங்காது. நம் வீட்டுப் பெண்கள் மீன் அலசிக்கொண்டே ஊர்ச் சாவைப் பேசுவது இப்படித்தான். வேலை நிற்காமல் பேச்சு வருவதைத்தான் நான் நடிப்பு என்பேன். வசனம் பேச வேண்டுமென்று கையிலிருப்பதைக் கீழே வைக்கிற நடிகர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

சரி, டப்பா. அது என் அப்பத்தாவுடையது. உள்ளே ஒரு சுருக்குப்பையும் நாலாய் மடித்த நாட்காட்டித் தாளும் இருந்தன. தாளின் பின்பக்கம் என் ஒன்பது வயதுக் கையெழுத்து: கொட்டு 60, பூ 15, கோடித்துணி 40. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் சாவுச் செலவுக்குத் தானே பணம் சேர்த்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் சுருக்குப்பையை அவிழ்த்து எண்ணுவாள், கணக்கு எழுதுவது நான். ‘கொட்டுக்கு அறுபதா? அம்பத்தஞ்சுன்னு போடு, பேசிக்கலாம்’ என்பாள். செத்தபிறகு யார் போய்ப் பேசுவது என்று கேட்டதற்கு மண்டையில் குட்டு விழுந்தது. அறுபது அப்படியே இருக்கிறது, அடிக்கவில்லை. அப்பா கடைசிவரை அந்தப் பையைத் தொடவிடவில்லை. அம்மா செத்த செலவை அம்மா காசிலா செய்வது என்று சத்தம் போட்டார். நோட்டுகள் இன்னும் சுருட்டினபடியே கிடக்கின்றன.

‘பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்’ படத்தில் ரிட்டர் நடித்த மோ என்ற கிழவி இதைத்தான் செய்கிறாள். பேருக்குக் கழுத்துப்பட்டி விற்பாள். உண்மையான வியாபாரம் துப்பு விற்பது. தெரிந்த ஜேப்படிக்காரனையே போலீசிடம் விலைபேசிக் காட்டிக்கொடுப்பாள். எல்லாம் ஒரு நல்ல கல்லறைக்காக. அநாதைப் பிணங்களோடு புதைத்தால் தன்னால் தாங்க முடியாது, செத்தே போய்விடுவேன் என்பாள். சிரித்துவிட்டு அப்புறம்தான் உறைக்கும். ஒரு ராத்திரி களைத்துப்போய் அறைக்கு வந்து பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டுப் படுக்கிறாள். உள்ளே துப்பாக்கியோடு ஒருவன். அந்த ஜேப்படிக்காரன் இருக்குமிடத்தைக் கேட்கிறான். யாரிடமும் எதையும் விற்றவள், இவனிடம் விற்க மாட்டேன் என்கிறாள். அடக்கச் செலவு இன்னும் சேரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அழுகை இல்லை, குரல் உயரவில்லை. களைப்பாக இருக்கிறது, சுட்டால் உபகாரம் என்கிற தோரணை. கேமரா கிராமபோன் பக்கம் நகர்ந்துவிடும், வெடிச் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் அவள் பெட்டியை அநாதைப் பிணங்களோடு படகில் ஏற்றும்போது வந்து கேட்டு வாங்கிப்போகிறவன், அவள் காட்டிக்கொடுத்த அதே ஜேப்படிக்காரன்.

அந்த வருடம் துணைப் பாத்திர ஆஸ்கர் நடிகை டோனா ரீடுக்குப் போனது. போகட்டும்.

நீங்கள் கேட்ட அடுத்த படம் இதுதான். 80 நிமிடம். கைபேசியில் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், ஆஸ்கரைப் பற்றி மட்டும் வேண்டாம்.