அம்மாவின் மறதிக்கு வலி மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. அல்சைமர் நோய்க்காக டோனெபெசில் சாப்பிடுகிறார். மூளையில் ஏற்படும் அழற்சிதான் இந்த நோய்க்குக் காரணம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். மூட்டுவலிக்கு அவர் எப்போதாவது போடும் ஐபுபுரோஃபெனைத் தினமும் கொடுத்தால் மறதி குறையுமா டாக்டர்?

பதில்: குறையாது, தினமும் கொடுக்கவும் வேண்டாம். ஆனால் உங்களுக்குத் தோன்றியது தவறான யோசனை இல்லை. முடக்குவாதத்துக்காகப் பல வருடங்கள் இந்த வகை மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களிடம் அல்சைமர் குறைவாக இருந்ததைப் பார்த்து ஆராய்ச்சியாளர்களும் இப்படித்தான் நினைத்தார்கள். 2001-ல் அமெரிக்காவில், குடும்பத்தில் இந்த நோய் உள்ள 70 வயதைத் தாண்டிய சுமார் 2500 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு இதே வகை வலி மாத்திரைகளான நாப்ராக்சென் அல்லது செலிகாக்சிப்பும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். இதயத்துக்கு ஆபத்து வருமோ என்ற கவலையில் 2004 டிசம்பரில் மருந்தை நிறுத்த வேண்டியதாயிற்று. நோயையும் அது தடுக்கவில்லை.

அழற்சி இருப்பது உண்மைதான். ஆனால் இது ஸ்கேனில் தெரிகிற வீக்கமோ மூளைக்காய்ச்சலோ அல்ல. மூளையில் மைக்ரோகிளியா என்ற செல்கள் துப்புரவுப் பணியாளர்கள் மாதிரி. படியும் அமிலாய்டு புரதத்தை அள்ளி அகற்றுவது அவற்றின் வேலை. வருடக்கணக்கில் புரதம் சேர்ந்துகொண்டே போனால் அவை ஓயாமல் அழற்சிப் பொருட்களைச் சுரந்து, நல்ல நரம்பு இணைப்புகளையும் சேர்த்து அழிக்கின்றன. இந்தச் செல்களுக்குத் தேவையான டிரெம்2 என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 2012-ல் தெரியவந்தது. அதாவது, இந்தச் செல்கள் சரியாக வேலை செய்யாவிட்டாலும் ஆபத்துதான். மொத்தமாக அடக்கிவைப்பது தீர்வாகாது.

உங்கள் அம்மா விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. டோனெபெசில் வயிற்றில் அமிலச் சுரப்பைக் கூட்டும். அதோடு ஐபுபுரோஃபெனும் தினமும் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு வரலாம். சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

அழற்சி பற்றி நீங்கள் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய இடம் வேறு. உடம்பில் எங்கே தொற்று வந்தாலும் மூளையில் ஏற்கெனவே உள்ள அழற்சி தூண்டப்படும். சிறுநீர்த் தொற்று வந்த பல முதியவர்களுக்குக் காய்ச்சல் இருக்காது, எரிச்சல் என்றும் சொல்லமாட்டார்கள். நேற்றுவரை தானே சாப்பிட்டவர் இன்று தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார், பகலெல்லாம் தூங்குவார், ராத்திரி எழுந்து வீட்டுக்குப் போகணும் என்று கதவைத் தள்ளுவார். நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் இதைச் சரிசெய்யலாம். ஓரிரு நாளில் இப்படித் திடீர் மாற்றம் தெரிந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர், ரத்தம், சோடியம், சர்க்கரை பார்ப்பார்கள். மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை அல்லது சளி மாத்திரை இவற்றாலும் இப்படி ஆகும். சிகிச்சைக்குப் பிறகு தெளிய சில வாரங்கள்கூடப் பிடிக்கலாம், பொறுமையாக இருங்கள்.

மூட்டுவலிக்குப் பாரசிட்டமால் அல்லது மேலே தடவும் மருந்து போதுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கடையில் நீங்களாகவே வாங்கியவை உட்பட, எடுத்துச் செல்லுங்கள்.