43 வயதில் கரடிக் கதையா?

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருக்கிறேன். வயது 43. இளையோருக்கான ஃபேன்டஸி நாவல்கள் என்றால் எனக்கு உயிர். அதிலும் பிலிப் புல்மன் 1995இல் எழுதிய ‘நார்தர்ன் லைட்ஸ்’. அந்த உலகில் ஒவ்வொருவரின் ஆன்மாவும் ‘டீமன்’ என்ற விலங்காக உடலுக்கு வெளியே கூடவே வரும். லைரா என்ற சிறுமியின் டீமன் ஒரு நேரம் அந்துப்பூச்சி, மறுநேரம் காட்டுப்பூனை. ஏழு முறை படித்துவிட்டேன்.

என் கணவர், “இந்த வயதில் கரடிக் கதையா?” என்கிறார். கவசம் அணிந்த பனிக்கரடி வருவது உண்மைதான். அதற்காகக் கரடிக் கதை என்பதா? அவர் நள்ளிரவு வரை கிரிக்கெட் பார்க்கிறார், நான் ஏதாவது கேட்கிறேனா? நாத்தனார் அலமாரியைப் பார்த்து, “இதெல்லாம் பாப்பாவுக்கா?” என்றாள். “எனக்குத்தான்” என்றேன். சிரித்தாள். அலுவலகத்திலும் கேலிதான், சாப்பாட்டு நேரத்தில் கைப்பைக்குள் வைத்தபடியே படிக்கிறேன்.

பாப்பாவும் (எட்டாம் வகுப்பு) போன மாதம் அந்த நாவல் வரிசையின் மூன்று பாகங்களையும் பழைய பேப்பர் கட்டோடு வைத்துவிட்டாள். கடைக்காரர் எடை போடும்போதுதான் பார்த்தேன். அவளுடைய ஒன்பது வயதில் நான் வாய்விட்டுப் படித்துக் காட்டியவை. கடைசிப் பக்கத்தில், தன் டீமன் எது என்று பென்சிலால் ‘அணில்’ என எழுதி, அடித்துவிட்டு, ‘மீன்கொத்தி’ என்று எழுதியிருப்பாள். அது போகட்டும்.

இப்படிப் படிப்பது மனமுதிர்ச்சி இல்லாததன் அறிகுறியா? கணவருக்கு எப்படிப் புரியவைப்பது? ‘கரடிக் கதை’ என்று கேட்டாலே ஆத்திரம் வருகிறது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

அறிகுறி இல்லை, படியுங்கள். கணவரிடம் “ஆமாம், கரடிக் கதைதான்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

நாத்தனார் எப்போது சிரித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. பேப்பர் கட்டு எடைக்குப் போனது மட்டும் ‘போன மாதம்’ என்று நினைவிருக்கிறது. அது போகவில்லை, சகோதரி.

உங்களுக்கு நான் கதை சொல்லத் தேவையில்லை. குழந்தைகளின் டீமன்தான் உருவம் மாறிக்கொண்டிருக்கும். பருவம் வந்தால் ஒரே உருவத்தில் நின்றுவிடும். அது லைராவுக்கே பிடிக்கவில்லை. கப்பலில் ஒரு மாலுமி அவளிடம் சொல்வார்: சிங்கத்துக்கு ஆசைப்பட்டுப் பூடில் நாய் வாய்த்தவர்களும் உண்டு, அதோடு ஒத்துப்போகும்வரை அவர்களுக்கு நிம்மதியில்லை என்று. ஏழு முறை இதைக் கடந்திருக்கிறீர்கள். இந்த முறை மாலுமி உங்களிடம் பேசுவதாக வைத்துப் படியுங்கள்.

இன்னொன்று சொல்வேன், வருந்தாதீர்கள். பிள்ளைகளை வடக்கே கடத்திப் போய், டீமன் நிலைபெறும் முன்பே அதை அறுத்துப் பிரிக்கிறார்களே பெரியவர்கள், அவர்களும் பிள்ளைகளின் நன்மைக்குத்தான் என்கிறார்கள். நீங்கள் கத்தி எடுக்கவில்லை. ஆனால் எட்டாம் வகுப்புப் பெண் உங்கள் கடிதத்தில் இன்னும் ‘பாப்பா’. அவள் இப்போது என்ன படிக்கிறாள் என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை. உங்கள் வாசிப்புக்கு இருந்த ஒரே துணை எழுந்து போய்விட்டாள். அந்தக் கணக்கைக் கணவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பாவம், அவர் கிரிக்கெட் பார்க்கட்டும்.

புத்தகங்களைக் கடைக்காரரிடமிருந்து மீட்டிருப்பீர்கள். உங்கள் அலமாரியில் வையுங்கள். அவை அவள் மேசைக்குத் திரும்ப வேண்டாம். அவள் படிப்பதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, பிடிக்காவிட்டாலும் முடியுங்கள். “உன் டீமன் இப்போது எது?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.