கட்டியகாரன் இல்லாத ராசா

அன்புள்ள அண்ணா,

நான் மட்டக்களப்பில் படிக்கும் மாணவி. ஈ.வி.ஏ. ஃபோம் தாளை வெட்டி ஒட்டி, சில்வர் பெயின்ற் அடித்து, முகத்தை மூடும் தலைக்கவசத்தோடு ஒரு போர்வீரன் உடுப்புச் செய்திருக்கிறேன். போன மாதம் கல்லடிக் கடற்கரையில் ஒரு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டு வாசலில் நிற்கவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் தட்டிப் பார்த்தது பரவாயில்லை. சில பெடியன்கள் பின்னாலிருந்து தலைக்கவசத்தை இழுத்தார்கள், நெஞ்சில் குத்தினார்கள், அதை வீடியோவும் எடுத்தார்கள். ஒருவர் போட்டோ எடுக்கிற சாட்டில் இடுப்பைப் பிடித்தார். ஏற்பாட்டாளரிடம் சொன்னால், "வேஷம் போட்டால் அப்படித்தான், சமாளியுங்கள்" என்கிறார். நான்தான் தொட்டாற்சுருங்கியாக இருக்கிறேனா?

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

இல்லை. இடுப்பில் கை வைத்தவரை முதலில் தனியாகப் பிரித்துவிடுவோம். அது பகிடி அல்ல. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 1995-ல் வந்த திருத்தத்தின்படி, 345-ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவுக்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு. கவசம் போட்டவருக்கு அது பொருந்தாது என்று எங்கும் எழுதவில்லை. வேஷம் போட்டிருப்பது தொடுவதற்குச் சம்மதம் அல்ல என்று 2014-ல் நியூயோர்க் கொமிக் கொன் என்ற சித்திரக்கதை ரசிகர் விழாவில் பெரிய பலகைகளே வைத்தார்கள். ஆக, இது கல்லடியில் மட்டும் உள்ள வியாதியும் அல்ல.

மற்றக் குத்துக்கும் இழுப்புக்கும் வருவோம். நம் ஊர் வடமோடிக் கூத்தில் ராசா வேஷக்காரர் விரிந்த கரப்புடுப்பும் கிரீடமும் தோளில் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு வட்டக்களரி என்ற வட்ட மேடையில் ஆடுகிறார். சுற்றிவர நாலு பக்கமும் சனம், விடிய விடிய. விசிலடிப்பார்கள், பகிடி விடுவார்கள். ஆனால் உள்ளே பாய்ந்து ராசாவின் முதுகில் குத்துவதில்லை. அந்தக் காலத்துச் சனம் தங்கமான சனம் என்று நான் சொல்ல வரவில்லை. சாராயம் அப்போதும் இருந்தது. ராசாவின் முகம் திறந்திருக்கிறது, உள்ளே ஆடுவது யாருடைய மகன் என்று ஊருக்கே தெரியும். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு பக்கத்திலேயே நிற்கிறார். ராசா வருமுன் கட்டியகாரன் வந்து வரவு சொல்கிறான். உங்களைத் தனியாக வாசலில் நிறுத்திவிட்டார்கள். முகம் தெரியாது, குரலும் கேட்காது. உங்களுக்கும் புடவைக்கடை வாசல் பொம்மைக்கும் அந்தப் பெடியன்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே ஒரு கட்டியகாரனைப் பிடியுங்கள். 1997-ல் அமெரிக்காவில் தொடங்கிய 501-ஆவது லீஜன் என்ற தொண்டர் குழு, ஸ்டார் வோர்ஸ் படத்து வெள்ளைப் பிளாஸ்டிக் கவசம் மாட்டிக்கொண்டு விழாக்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போகிறது. அவர்களும் சாதாரண உடுப்பில் ஒரு ஆளைக் கூடவே வைத்துக்கொள்கிறார்கள். தலைக்கவசத்துக்குள் இருந்து பக்கமும் தெரியாது, காலடியும் தெரியாது. உங்களுக்காகப் பார்க்கவும் கதைக்கவும் ஒருவர் வேண்டும். அவர் உங்கள் பின்னால் சற்றுச் சாய்வாக நிற்கட்டும். பெடியன்கள் கூட்டமாக வந்தால், குத்துகிறவனை விட்டுவிட்டு, போன் பிடித்திருக்கிறவனிடம் முதலில் கதைக்கச் சொல்லுங்கள். "தம்பி, உள்ளே ஆள் இருக்கு, வீடியோவை நிப்பாட்டுங்க." போன் இறங்கினால் பெரும்பாலும் கையும் இறங்கிவிடும். வெறியில் வருகிறவரோடு வாதம் வேண்டாம், நீங்கள் இருவரும் உள்ளே போய்விடுங்கள்.

தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைக் காட்டலாமா என்றால், காட்டலாம். வேஷக்காரர் வெளியில் முகம் காட்டக் கூடாது என்ற விதி பொழுதுபோக்குப் பூங்காக்களில் இருக்கட்டும். ஆனால் பெண் என்று தெரிந்ததும் சிலர் விலகுவார்கள், சிலர் கூடுதலாக ஒட்டுவார்கள். அதைக் கட்டியகாரன் அந்த இடத்தில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வாளால் மட்டும் திருப்பி அடிக்காதீர்கள். ஃபோம் வாளென்றாலும், இரவு வீடியோவில் அடிக்கிற ஆளாகத் தெரியப்போவது நீங்கள்தான்.

உடுப்பிலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. தோள் தகட்டையும் தலைக்கவசப் பட்டியையும் வெல்க்ரோவில் மாற்றுங்கள். இழுத்தால் துண்டு கழன்று அவன் கையோடு போகட்டும், உங்கள் கழுத்து போகக் கூடாது. சின்னப் பிள்ளைகள் தட்ட வந்தால், முன்னங்கைத் தகட்டை நீங்களே நீட்டிக் கொடுங்கள். இரும்பா என்று பார்க்கிற ஆசைதான், அதில் கோபிக்க ஒன்றுமில்லை. நம் கரையோர ஈரக் காற்றில் ஃபோமுக்குள் வியர்வை காயவே காயாது. அரை மணிக்கு ஒருக்கால் கழற்றித் தண்ணீர் குடிக்க வேண்டும். களைத்துப்போன ஆளுக்குக் கோபமும் கெதியாக வரும்.

அந்த ஏற்பாட்டாளர் மறுகா கூப்பிட்டால், காசு பேசுமுன் இதைப் பேசுங்கள்: கூட ஒரு ஆள், இருக்க ஒரு கதிரை, கழற்றி வைக்க மறைவான இடம், யாராவது கை வைத்தால் வெளியேற்ற ஒரு பொறுப்பானவர். அப்போதும் "சமாளியுங்கள்" என்றால், வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பெடியன்கள் எடுத்த வீடியோவில் இடுப்பைப் பிடித்தவரும் விழுந்திருக்கக் கூடும். அவர்களில் யாரையாவது தெரிந்தால் கேட்டு வாங்கி வையுங்கள். முறைப்பாடு கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. பொலிசுக்குப் போகுமுன் யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்தால், 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.