ஹெர்2 பாசிட்டிவ்னா என்ன, ஒரு புரோட்டீன் கூடினா மார்பகப் புற்றுநோய் ஏன் வேகமா பரவுது?

பயாப்ஸி ரிப்போர்ட்ல "ஹெர்2 3+"னு (அந்த புரோட்டீன் ரொம்ப அதிகம்னு அர்த்தம்) பார்த்துட்டு பயந்து போய் இதைக் கேக்குறவங்க நிறைய பேர், அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதுறேன். ஜீன்ங்கிறது புரோட்டீன் செய்யறதுக்கான குறிப்பு, அதைப் பார்த்து செல்லு எவ்வளவு புரோட்டீன் தயார் பண்ணுதோ அதுதான் எக்ஸ்பிரஷன். ஹெர்2 செல்லோட வெளிப்புறத்துல நின்னு "வளரு"னு உள்ள தகவல் அனுப்புற புரோட்டீன், சாதாரண செல்லுலயும் கொஞ்சம் இருக்கும், ஆனா 100 மார்பகப் புற்றுநோய்ல 15-20ல அந்த ஜீன் பல நகலாப் பெருகி புரோட்டீன் குவிஞ்சிடுது, இதைத்தான் ஹெர்2 பாசிட்டிவ்னு சொல்றாங்க, அப்போ செல்லு நிக்காம பெருகும், இடம் விட்டு நகரவும் துணியும்.

கூடினா மட்டும் இல்ல, சில புரோட்டீன் குறைஞ்சாலும் ஆபத்துதான். இ-கேட்ஹெரின்னு ஒண்ணு, பூவைக் கட்டுற நார் மாதிரி செல்லுங்களைச் சேத்துப் பிடிக்கும், நார் அறுந்தா பூ உதிருதுல்ல, அதே கதைதான். லோபுலார்னு ஒரு வகை மார்பகக் கேன்சர்ல பெரும்பாலும் இந்த நாரே இருக்காது, அதான் மைக்ரோஸ்கோப்ல செல்லுங்க ஒத்தை ஒத்தையா வரிசையா தெரியும்.

ஹெர்2 பெருகினவங்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புதுன்னு 1987ல அமெரிக்க கேன்சர் டாக்டர் டெனிஸ் ஸ்லாமன் குழு காட்டினாங்க. ஆனா 1998ல அமெரிக்காவுல டிராஸ்டுசுமாப் மருந்துக்கு அனுமதி கிடைச்சதும் நிலைமை மாறிடுச்சு, அது அந்த புரோட்டீனையே போய்ப் பிடிக்குது, அதனால 3+னு வந்தா இன்னைக்கு கைவசம் நல்ல மருந்து இருக்கு.

ஹெர்2 பாசிட்டிவ்னா பொண்ணுக்கும் பரம்பரையா வந்துடும்னு நினைக்காதீங்க, இது கட்டியோட செல்லுல நடந்த மாற்றம், பரம்பரையா வர்ற பிஆர்சிஏ ஜீன் கோளாறுக்கு டெஸ்டே வேற.